ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல்: எங்க தோட்டத்து ஜீப்பின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்து, வாக்கியங்களைக் கொஞ்சம் சீர்படுத்தியிருக்கிறோம். பேசின தமிழைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

இன்னைக்கு சாஃப்ட்வேர் பத்தி பேசப் போறதில்லை. போன வாரம் கேள்வி-பதில் எபிசோடுல ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, எங்க தாத்தாவோட பழைய ஜீப் ஒண்ணு சும்மா நிக்குது. பெட்ரோல் இன்ஜின் போயிருச்சு. டீசல் இன்ஜின் போட்டுக்கலாமா? உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே?" ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா எங்க வீட்டுல அந்தக் கேள்விக்கான பதில் ஒரு விபத்துல போய் முடிஞ்சுது. அதனால முழுசா சொல்லிடறேன்.

விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர் கிணத்துக்கடவுல எங்க வீட்டுக்கு வந்தார். ஜீப்பைச் சுத்திப் பார்த்தார், பானெட்டைத் திறந்தார், ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா கேட்டார்: "தம்பி, புக்குல பெட்ரோல்னு இருக்குதுங்க. உள்ள டீசல் இருக்குதுங்க. நான் எதைன்னு எழுதட்டும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜீப் யார்கிட்ட இருந்து வந்துச்சு

எங்க ஜீப் மஹிந்திரா சிஜே-3பி. முதல் பதிவு 1968. அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, கைமாத்தி வாங்கினது. கிணத்துக்கடவுல இருந்து பொள்ளாச்சி ரோட்டுல கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினா எங்க தென்னந்தோப்பு. அந்த மண் பாதையில மழைக்காலத்துல வேற எந்த வண்டியும் போகாது.

மஹிந்திரா 1940களோட கடைசியில அமெரிக்க வில்லிஸ் கம்பெனியோட ஜீப்பை இங்கே பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. சிஜே-3பி அந்த வரிசையில வந்தது. அதுக்கு முந்தின ஜீப்பைப் பக்கத்துல நிறுத்திப் பாருங்க, 3பி-யோட பானெட் மட்டும் உசரமா இருக்கும். அழகுக்காகப் பண்ணதில்லை. உள்ளே இருக்கிற ஹரிக்கேன் இன்ஜின் உசரம். பழைய இன்ஜின்ல ரெண்டு வால்வுமே பிளாக்குக்குள்ளே இருக்கும். ஹரிக்கேன்ல இன்டேக் வால்வைத் தூக்கி ஹெட்டுல வெச்சுட்டு, எக்ஸாஸ்ட் வால்வை மட்டும் பிளாக்குலயே விட்டுட்டாங்க. ஹெட் உசந்துச்சு, பானெட்டும் உசந்துச்சு. கிட்டத்தட்ட 2,200 சிசி, நாலு சிலிண்டர், பெட்ரோல்.

நல்ல இன்ஜின்தான். ஆனா குடிக்கும். அப்பா ஒரு நோட்டு வெச்சிருந்தார். அதுல தோட்டத்து ஓட்டத்துக்கு லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்னு எழுதியிருக்கு. 1990கள்ல பெட்ரோல் விலையோட ஒப்பிட்டா டீசல் ஏறக்குறைய பாதி விலை. தென்னையை நம்பி இருக்கிற குடும்பத்துல அது சின்ன விஷயம் இல்லைங்க. 1996ல, நான் பிறக்கறதுக்கு முந்தின வருஷம், அப்பா டீசலுக்கு மாத்தினார்.

அப்பா ஏதோ திருட்டுத்தனம் பண்ணார்னு யாரும் நினைச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல பொள்ளாச்சி, வால்பாறை, உடுமலைப் பக்கம் பழைய ஜீப் வெச்சிருந்தவங்க நிறைய பேர் இதைத்தான் பண்ணாங்க. அதைவிட முக்கியம், ஜீப்பைச் செஞ்ச கம்பெனியே இதைப் பண்ணுச்சு.

கம்பெனியே பண்ண மாற்றம்

1980கள்ல மஹிந்திரா பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனியோட டீசல் இன்ஜினை உரிமம் வாங்கித் தயாரிச்சு, எம்எம் 540 ஜீப்புல வெச்சாங்க. இன்ஜின் பேரு எக்ஸ்டிபி 4.90. எங்க பக்கம் மெக்கானிக்குங்ககிட்ட "பீஜோ இன்ஜின்"னு சொன்னாத்தான் தெரியும். பேருக்குள்ளயே விஷயம் இருக்கு. 4-ன்னா நாலு சிலிண்டர், 90-ன்னா சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தா 2,112 சிசி வரும்.

இதுல நிறைய பேருக்கு ஒரு தப்பான நினைப்பு இருக்கு. "டீசல் போட்டா பவர் ஏறும்"னு. பெஜோ இன்ஜின் 62 குதிரைத்திறன். பழைய ஹரிக்கேன் பெட்ரோல், கம்பெனி சொன்ன கணக்குப்படி 70க்கு மேல. அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கு கொஞ்சம் தாராளமா இருக்கும், சரி. அதைக் கழிச்சாலும் டீசல் ஒண்ணும் ராட்சசன் இல்லை. மாத்தினவங்க மாத்தினது எண்ணெய்ச் செலவுக்காக. அப்பா நோட்டுல மாத்தினதுக்கு அப்புறம் பதினொண்ணு, பன்னெண்டுன்னு எழுதியிருக்கு. பாதி விலை எண்ணெய், ரெண்டு பங்கு தூரம். கூட்டிக் கழிச்சா கிலோமீட்டருக்கு நாலுல ஒரு பங்கு செலவு. யார்தான் மாத்த மாட்டாங்க?

ஜீப் மட்டும் இல்லை. ராணுவம் ஓட்டின ஜோங்கா தெரியுமில்லையா? 2019ல தோனி ராஞ்சியில ஓட்டிட்டு வந்தாரே, அந்த வண்டி. நிசான் பேட்ரோலை அடிப்படையா வெச்சு ஜபல்பூர்ல செஞ்சது. அதுல ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ராணுவம் கழிச்சு ஏலத்துல விட்டதை வாங்கினவங்கள்ல பல பேர் கொஞ்ச நாள்லயே டீசல் தேட ஆரம்பிச்சுட்டாங்க. காரணம் அதேதான்.

ஆனா கம்பெனி மாத்தினதுக்கும் நாம மாத்தறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கம்பெனி இன்ஜினை மாத்தும்போது கிளட்ச், ரேடியேட்டர், ஃபவுண்டேஷன், வயரிங், எல்லாத்தையும் சேர்த்து யோசிச்சு, ஓட்டிப் பார்த்து, கடைசியில அரசாங்க ஒப்புதலும் வாங்கித்தான் வெளியே விடும். நாம இன்ஜினை மட்டும்தான் மாத்தறோம். என் வேலையில இதை தினம் பார்க்கிறேன். ஒரு மாட்யூலைத்தானே மாத்தறோம்னு கை வைப்போம். அதை நம்பி இருந்த பத்து விஷயம் நைட்டு ரெண்டு மணிக்கு விழும்.

இன்ஜின் உட்கார்ற இடம்

சரி, வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன். பொறியியல் படிச்சவன்ங்கிறதால இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பழைய இன்ஜினோட பின்பக்கம் ஒரு மாதிரி போல்ட் ஓட்டை இருக்கும். புது இன்ஜினோடது வேற மாதிரி. கியர்பாக்ஸ் பழசேதான். ரெண்டையும் சேர்க்க நடுவுல ஒரு தடிமனான இரும்புத் தட்டு வேணும். அதுதான் அடாப்டர் பிளேட். ஒரு பக்கம் இன்ஜினோட ஓட்டை, இன்னொரு பக்கம் பெல் ஹவுசிங்கோட ஓட்டை. பொள்ளாச்சி ரோட்டுல சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறையில இதைக் கடைஞ்சாங்க. மில்லு, பம்ப்செட்டுன்னு வளர்ந்த கோயமுத்தூர்ல இப்படிப்பட்ட வேலைக்குக் கை தேர்ந்த ஆளுங்க கிடைக்கறது நமக்கு ஒரு பாக்கியம்.

பட்டறை அண்ணன் இப்பவும் இருக்கார். நான் போய்க் கேட்டேன், இதுல கஷ்டமான வேலை எதுங்ணான்னு. "ஓட்டை போடறது யாரும் போட்டுருவாங்க தம்பி. சென்டர் நிக்கோணும். அதுதானுங்க வேலை"ன்னார்.

இன்ஜினோட கிராங்க் சுத்துற மையக்கோடும், கியர்பாக்ஸுக்குள்ளே போற ஷாஃப்ட்டோட மையக்கோடும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். அந்த ஷாஃப்ட்டோட முனை கிராங்க்கோட பின்பக்கம் ஒரு சின்ன பைலட் பேரிங்குல உட்காரும். மையம் ஒரு தலைமுடி அளவுக்கு விலகினாலே, மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ரெண்டு பங்குன்னு வெச்சுக்கோங்களேன், அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. வண்டி ஓடும். எல்லாரும் கை தட்டுவாங்க. சில மாசத்துல பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் சரியா விடாது, டாப் கியர் தானா வெளியே குதிக்கும். அதனால அவர் ஃப்ளைவீல்ல டயல் கேஜைப் பூட்டி, கையால சுத்தி, முள் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்துப் பார்த்து, பிளேட்டை நகர்த்தி, கடைசியில டவல் பின் அடிச்சு நிறுத்தியிருக்கார். ஒரு நாள் முழுக்க அந்த ஒரு வேலைதான். அந்தப் பிளேட் இன்னைக்கு வரைக்கும் ஒரு குறையும் சொல்லலை.

மத்ததெல்லாம் இன்ஜின் உள்ளே போனதுக்கு அப்புறம் ஒண்ணொண்ணா வரும். டீசல் எடை அதிகம், நடுக்கமும் அதிகம். ஃபவுண்டேஷன் பிராக்கெட்டை சேஸ்ல சும்மா வெல்டு வெச்சா, அந்த வெல்டு ஓரத்துலயே சேஸ் விரியும். எங்களுது ரெண்டு தடவை விரிஞ்சுது. அப்புறம் அகலமான தகடு வெச்சு, எடை ஒரே இடத்துல விழாம பரப்பின பிறகுதான் நின்னுது. முன் ஆக்ஸில் மேலே ஏறும்போது ஆயில் சம்ப்புல இடிக்கக்கூடாது. ஸ்டியரிங் ராடு ஃப்ரீயா போகணும்.

டீசல் லைன்ல ஒரு சின்ன விஷயம், நிறைய பேர் கோட்டை விடுவாங்க. கார்புரேட்டர் வண்டிக்கு டேங்குல இருந்து இன்ஜினுக்கு ஒரு பைப் போதும். டீசல்ல பம்ப்புலயும் நாசில்லயும் மிஞ்சின எண்ணெய் டேங்குக்குத் திரும்பி வரணும். அதுக்கு ரிட்டர்ன் லைன் தனியா வேணும், பழைய டேங்குல அதுக்கு ஓட்டையே இருக்காது. அப்புறம் ஹீட்டர் பிளக்குக்குத் தனி வயர். செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரன்ட் அதிகம், அதுக்குப் பெரிய பேட்டரி. இன்னொண்ணு, அந்தக் காலத்து டீசல்ல சாவியைத் திருப்பினா மட்டும் வண்டி நின்னுடும்னு நினைக்காதீங்க. நம்ம ஜீப்புல எண்ணெயை அடைக்கத் தனி ஸ்டாப் கேபிள். அது அறுந்தா கியர்ல போட்டு பிரேக்கை மிதிச்சு கிளட்சை விட்டு நிறுத்தற கதைதான்.

கியர் கணக்கு

இதை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க, நல்லா இருக்கும். சிஜே-3பி-யோட கிரவுன் பினியன் விகிதம் 5.38. அதாவது டாப் கியர்ல இன்ஜின் 5.38 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. டயர் சுமார் 28 இன்ச் உசரம், ஒரு சுத்துக்கு ஏறத்தாழ 2.23 மீட்டர் போகும். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா வண்டி மணிக்கு 75 கிலோமீட்டர். 4,000ன்னா 100.

ஹரிக்கேன் பெட்ரோல் 4,000 வரைக்கும் போற இன்ஜின். பெஜோ டீசல் 4,500 போகும். அதனாலதான் பெஜோ பழைய ஆக்ஸிலோட ஒத்துப் போச்சு. இதுக்குப் பதிலா பின்னால வந்த மெதுவா சுத்துற டிஐ இன்ஜின்களைப் போட்டவங்க, இழுவை நல்லா இருக்கு, ஆனா ரோட்டுல 75, 80ஐத் தாண்டினா கத்துதுன்னு புலம்புவாங்க. தப்பு இன்ஜின்ல இல்லை. 5.38ல இருக்கு.

எங்களுது பொருந்திப் போச்சு. அதுதான் பின்னால பிரச்சினை ஆச்சு.

ஆழியாறு இறக்கம்

செலவு குறைஞ்சதும் ஜீப்போட வாழ்க்கையே மாறிப் போச்சு. பெட்ரோல்ல இருந்தவரைக்கும் தோப்பு, கிணத்துக்கடவு சந்தை, எப்பவாவது பொன்மலை கோயில் அடிவாரம். அவ்வளவுதான். டீசல் வந்ததும் தேங்காய் மூட்டை, உர மூட்டை, கல்யாணத்துக்கு ஒறம்பரையை ஏத்திட்டுப் போறது, வால்பாறையில இருக்கிற அத்தை வீட்டுக்குப் போறதுன்னு எல்லாத்துக்கும் ஜீப்தான். ஆனா பிரேக்? 1968ல எது இருந்துச்சோ அதே. நாலு சக்கரத்துலயும் சின்ன டிரம். பூஸ்டர் கிடையாது. ஒரே ஒரு லைன், எங்கேயாவது ஒழுகினா நாலும் போச்சு.

போன வருஷம் வால்பாறையில இருந்து திரும்பி வர்றோம். ஓட்டினது என் அத்தை பையன். நல்லா ஓட்டுவான், ஆனா இன்னைக்கு வர்ற கார்களை ஓட்டிப் பழகினவன். வண்டியில நாங்க நாலு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க, பின்னாடி சாமான்.

வால்பாறையில இருந்து ஆழியாறு வரைக்கும் நாப்பது கொண்டை ஊசி வளைவு. இந்த ஜீப்போட மூணு கியர் பாக்ஸுல முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓடற வண்டியில ரெண்டாவதுல இருந்து முதலுக்கு இறக்கறது பழகின கைக்கே கஷ்டம். அதனால மேலேயே ரெண்டாவதுல போட்டு, அதுலயே முழுசா இறங்கணும். அப்பா எப்பவும் அப்படித்தான் இறங்குவார். இவன் நேரான இடத்துலெல்லாம் மூணாவதுல விட்டு, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தான்.

இதுல டீசலுக்கும் பங்கு இருக்கு. பெட்ரோல் இன்ஜின்ல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கார்புரேட்டர்ல காத்து வர்ற வழி மூடிக்கும். இன்ஜின் காத்துக்குத் திணறும், அந்தத் திணறல் வண்டியைப் பிடிக்கும். இந்த டீசல்ல காத்து வழியை மூடற த்ராட்டிலே கிடையாது. காலை எடுத்தா எண்ணெய் மட்டும்தான் நிக்கும். அதனால தாழ்ந்த கியரைத்தான் நம்பியாகணும். மூணாவதுல அந்தப் பிடிப்பு போதாது.

ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை தெரியற இடம். அங்கே நிறுத்தி போட்டோ எடுத்தோம். சக்கரத்துப் பக்கத்துல ஏதோ கருகின வாசம். யாரும் பெருசா எடுத்துக்கலை. அஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டோம். ஆறாவது வளைவுக்கு முன்னாடி அவன் சொன்னான், "பிரேக் பிடிக்கல."

பெடல் கல்லு மாதிரி இருக்கு. உள்ளே இறங்கலை. ஆனா வண்டி நிக்கலை. சூட்டுல லைனிங் பிடிப்பை இழந்துட்டா அப்படித்தான் ஆகும். வலது பக்கம் பள்ளம். அவன் யோசிக்காம இடது பக்கம் மலையோரம் இருந்த கால்வாய்க்குள்ளே விட்டுட்டான். முன் சக்கரம் கால்வாய்ல இறங்கி, மட்கார்டு பாறையில தேய்ச்சு, வண்டி சாய்ஞ்சு நின்னுது.

குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலை. என் அக்காவுக்குக் கையில சிராய்ப்பு. ஆக்ஸில் வளைஞ்சுது. அவ்வளவுதான். எதிர்ல ஒரு பைக் வந்திருந்தா, பக்கத்துல ஒரு ஆள் நடந்து போயிருந்தா, இந்த எபிசோடே இருந்திருக்காது.

பேப்பர்

இப்ப அந்த சர்வேயர் வந்த காலைக்குத் திரும்பப் போவோம். அவர் கெட்டவர் இல்லை. உட்கார வெச்சுப் பொறுமையா விளக்கினார். ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பர் வேற, வண்டியில இருக்கிறது வேற. எரிபொருள் வகையும் வேற. நம்ம வண்டிச் சேதத்துக்குப் பணம் வராம போறது சின்ன விஷயம். மோதினது ஒரு மனுஷனா இருந்தா, நஷ்ட ஈட்டுப் பணம் கடைசியில எங்க தலையில, அதாவது அந்தத் தென்னந்தோப்பு மேல வந்து நின்னிருக்கலாம். நாங்க கிளைமைத் திரும்ப எடுத்துக்கிட்டோம்.

அதுக்கப்புறம்தான் நான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கும் ஆர்.சி.யில இருக்கிறதுக்கும் முரண்படற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. மாற்றம் நடந்தா 14 நாளுக்குள்ள பதிவு அதிகாரிக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யில ஏத்தணும். அப்பா மாத்தினது 1996. அப்பவே இந்தச் சட்டம் இருந்துச்சு. 2019 ஜனவரியில, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டுமேன்னு போட்டாங்க.

இன்னொரு இழப்பு நான் எதிர்பார்க்காதது. 2021ல மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தாங்க. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின, வியாபாரத்துக்கு ஓட்டாத டூ வீலர், ஃபோர் வீலருக்கு "விஏ" எழுத்தோட தனி நம்பர். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். எங்க ஜீப்புக்கு 2018லயே 50 ஆயிடுச்சு. ஆனா விதியில ஒரு நிபந்தனை: வண்டி அதோட அசல் வடிவத்துல இருக்கணும், சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எங்க ஜீப்போட அசல் இன்ஜினை 1996லயே உக்கடத்துல பழைய இரும்பு விலைக்குப் போட்டாச்சு. எடை போட்டு வாங்கின காசு எவ்வளவுன்னு அப்பாவுக்கே ஞாபகம் இல்லை.

அப்ப இருக்கிற டீசலையே முறைப்படி ஆர்.சி.யில ஏத்திக்கலாமேன்னு விசாரிச்சோம். முதல் கேள்வியே, இந்த இன்ஜின் எந்த வண்டியில இருந்து வந்தது, பில் எங்கேன்னு. பில் இல்லை. ஒரு மெக்கானிக் கொண்டு வந்து கொடுத்தார், அப்பா காசு கொடுத்தார். அந்த மெக்கானிக் இப்ப உயிரோட இல்லை.

அப்பாகிட்ட இதைச் சொல்றதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. அந்த டீசல்ல ஓட்டித்தான் என்னைப் படிக்க வெச்சார். முதல்ல கோவம்தான். "அன்னைக்கு எல்லாரும்தான் மாத்துனாங்க கண்ணு. ஒருத்தனும் கேக்கலை"ன்னார். நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சு அவரே சொன்னார்: "கொளந்தைங்க இருந்துச்சல்லோ வண்டில." அவ்வளவுதான். அன்னைல இருந்து ஜீப் தோப்பு வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வரலை.

அப்ப மாத்தலாமா, வேண்டாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இது.

1996ல எங்க அப்பாவுக்கு இருந்த காரணம் இன்னைக்கு பெரும்பாலும் இல்லை. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்தாச்சு. பாதி விலைங்கிற கதை முடிஞ்சுது. வருஷத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடப் போற தாத்தா ஜீப்புக்கு எண்ணெய்ல மிச்சம் பிடிச்சு, பட்டறைச் செலவை எடுக்கவே முடியாது. அதே வகை பெட்ரோல் இன்ஜினை ரீபோர் பண்ணி ஓட்டறதுதான் என் ஓட்டு. ஜீப்புக்கு 50 வயசு தாண்டியிருந்தா அதைக் கட்டாயம் பண்ணுங்க, விண்டேஜ் கதவு திறந்தே இருக்கும்.

இல்லை, டீசல்தான் வேணும்ங்கிறீங்களா? முதல்ல உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் எழுத்துல கேளுங்க. எழுத்துல அனுமதி வராம ஒரு போல்ட்டைக் கூடக் கழட்டாதீங்க. இன்ஜின் வாங்கினா பில், அது எந்த வண்டியோடதுங்கிற பேப்பர், ரெண்டும் கையில வாங்குங்க. பிரேக்கை முதல்ல சரி பண்ணுங்க, இன்ஜினை அப்புறம் தொடுங்க. சென்டர் பார்க்காம அடாப்டர் பிளேட்டைப் பூட்டற பட்டறைக்குப் போகாதீங்க. கடைசியா, பழைய இன்ஜினை விக்காதீங்க. கிரீஸ் தடவி, சாக்கு சுத்தி, கொப்பரைக் கொட்டாயில ஒரு மூலையில வையுங்க.

எங்களுக்கு ஒரு நல்ல சேதி. உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல, சேஸ் துருப்பிடிச்சு வீணாப் போன ஒரு 3பி-ல இருந்து ஹரிக்கேன் இன்ஜின் ஒண்ணு கிடைச்சிருக்கு. இந்தத் தடவை பில், அந்த வண்டியோட ஆர்.சி. நகல் எல்லாம் வாங்கியாச்சு. இன்ஜின் இன்னும் கொட்டாயில சாக்குக்குள்ளே இருக்கு. விண்ணப்பம் கொடுத்திருக்கோம். பதில் வர்ற வரைக்கும் ஜீப்புல கை வைக்கறதில்லைன்னு அப்பா சொல்லிட்டார். பட்டறை அண்ணனுக்கும் சொல்லி வெச்சாச்சு. அவர் கேட்ட ஒரே கேள்வி, "நான் கடைஞ்ச பிளேட்டை என்ன பண்ணப் போறீங்க?"

அதைக் கழட்டினதும் என் மேஜை மேல வைக்கப் போறேன்.

உங்க வீட்டுலயும் இப்படி இன்ஜின் மாத்தின வண்டி இருந்தா, இன்னைக்கு சாயங்காலம் ஒரு டார்ச்சும் ஆர்.சி.யும் எடுத்துட்டுப் போய் பானெட்டைத் திறந்து பாருங்க. நம்பர் ஒத்துப் போகுதான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். வர்றனுங்க.